உப்பேரியின் பச்சைப் பருவங்கள்

நீர் பச்சையாகத் தோன்றினால் அது கெட்டுவிட்டது என்று தீர்ப்புச் சொல்லிவிடுவது நம்மிடையே நெடுநாளாக ஊறிப்போன வழக்கம். ஊர்க் குடிநீர்க் குளத்தைப் பொறுத்தவரையில் அத்தீர்ப்பில் நியாயமும் உண்டு. ஆனால் கடலோரத்து உப்பேரிகளின் விஷயத்திலும் அதே அளவுகோலை எடுத்துக்கொண்டு போவோமானால், ஆண்டுதோறும் அங்கே ஓசையின்றி நடந்தேறுகின்ற பெரியதொரு விளைச்சலை நோய் என்று கருதி ஏமாறுவோம். அதைவிட மோசமாக, மெய்யாகவே நோய் வந்து சேரும் நாளில் அதை விளைச்சல் என்று எண்ணிச் சும்மா இருந்துவிடவும் கூடும். எந்தப் பச்சை ஆரோக்கியம், எந்தப் பச்சை ஆபத்து என்பதை நிறத்தைக் கொண்டு மட்டும் நிர்ணயிக்க இயலாது. அது எந்த மாதத்தில் வந்தது, எதனால் வந்தது, எத்தனை நாள் நின்றது என்று விசாரித்தாக வேண்டும்.

இதற்குப் பழவேற்காட்டைவிட நல்ல உதாரணம் நமக்குக் கிடைப்பது அரிது. சென்னைக்கு வடக்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தொலைவில், திருவள்ளூர் மாவட்டத்தின் கோடியில் தொடங்கி ஆந்திர தேசத்துக்குள் நீண்டு கிடக்கும் அந்த ஏரி, ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்பேரி. தெற்கு வடக்காகச் சுமார் 60 கிலோமீட்டர் நீளமும், அகன்ற இடத்தில் 17 கிலோமீட்டருக்குக் குறையாத குறுக்களவும் கொண்ட அத்தனை பெரிய நீர்ப்பரப்புக்கு ஆழம் மட்டும் சராசரியாக ஒரு மீட்டர்தான் என்பதைக் கேட்பவர்கள் முதலில் நம்ப மாட்டார்கள். தெற்கே ஆரணியாறும் வடமேற்கே காளங்கியாறும் அதில் வந்து விழுகின்றன. பக்கிங்ஹாம் கால்வாய் அதனை ஊடறுத்துச் செல்கிறது. கிழக்கே ஸ்ரீஹரிகோட்டாத் தீவு நீண்ட மணல் அரணாக நின்று வங்கக் கடலைத் தடுக்கிறது. தெற்குக் கோடியில், பழவேற்காட்டு ஊருக்கு அருகிலுள்ள முகத்துவாரம் ஒன்றே ஏரிக்கும் கடலுக்கும் இடையிலான பிரதான வாசல். 1613ஆம் ஆண்டில் டச்சுக்காரர்கள் அங்கே கோட்டை கட்டியதைப் பற்றியும், குளிர்காலத்தில் வந்திறங்கும் பூநாரைக் கூட்டங்களைப் பற்றியும் எழுதியவர்கள் அநேகர். அந்தப் பூநாரையின் செவ்வண்ணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டவர்கள் குறைவு. பறவை தன் உடம்பில் அந்த நிறத்தை உண்டாக்கிக்கொள்வதில்லை. நீரில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் உண்டாக்கும் நிறமிதான், அவற்றைத் தின்னும் சிற்றுயிர்களின் வழியாக ஏறிவந்து அதன் இறகில் படிகிறது.

ஏரி நீரை உள்ளங்கையில் முகந்து பார்த்தால் இப்பாசிகளில் ஒன்றுகூடத் தென்படாது. நுண்ணிய கண்ணுள்ள துணியால் தைத்த கூம்பு வலையொன்றைப் படகின் பின்னால் கட்டிச் சிறிது தூரம் மெல்ல இழுத்து, அதன் நுனியில் தேங்கியதைத் துளியாக எடுத்து நுண்பெருக்கியின் கீழே வைத்தால்தான், வட்டமும் ஊசியும் சங்கிலியும் நட்சத்திரமுமாகப் பலவித வடிவங்கள் நெருங்கிக் கிடக்கும் ஒரு பிரபஞ்சம் வெளிப்படும். மிதவைப் பாசிகள் என்று நாம் சொல்லும் இவை நீரோட்டத்தை எதிர்த்துச் செல்லும் வலிமை அற்றவை. பெரும்பாலும் ஒரே ஓர் உயிரணுவால் ஆனவை. ஆயினும் பூமியில் நடைபெறும் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழப் பாதி இவற்றின் கைங்கரியமே. உலகத்துத் தாவரங்கள் அனைத்தையும் திரட்டி நிறுத்தால் இவற்றின் பங்கு நூற்றில் ஒன்றுக்கு மேல் தேறாது. அப்படியிருந்தும் காடுகளோடு சரிநிகராக நிற்பதற்குக் காரணம் இவற்றின் வேகம். ஒரு மரம் நூறாண்டு நின்று சேர்த்துவைக்கிறது. மிதவைப் பாசியோ இன்று பிறந்து, நாளை இரண்டாகி, வாரம் திரும்புவதற்குள் தின்னப்பட்டுவிடுகிறது.

இத்துறையில் சென்னைக்கு ஒரு பெருமை உண்டு. அதை நம்மவர்களே அதிகம் பேசுவதில்லை. இந்தியப் பாசியியலின் தந்தை என்று போற்றப்படும் எம்.ஓ.பி. ஐயங்கார் (1886–1963) சென்னையில் இருந்துகொண்டே பணியாற்றினார். அவர் வழிவந்த டி.வி. தேசிகாச்சாரி 1959இல் வெளியிட்ட நீலப்பச்சைப் பாசிகள் பற்றிய பெருநூலை உலகெங்கும் ஆய்வாளர்கள் இன்றும் எடுத்துப் புரட்டுகிறார்கள். சென்னைக் கடற்கரையின் டயட்டம்களை ஒவ்வொன்றாக வரைந்து விவரித்த ஆர். சுப்பிரமணியனின் ஆராய்ச்சி 1946இல் வெளிவந்தது. இன்று பழவேற்காட்டிலிருந்து ஒரு துளி நீரைக் கொண்டுவரும் மாணவனும் அந்தப் படங்களோடு ஒப்பிட்டுத்தான் பெயர் கண்டுபிடிக்கிறான்.

அந்த டயட்டம்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. மணலின் மூலப்பொருளாகிய சிலிகாவை நீரிலிருந்து கிரகித்து, கண்ணாடிக்கு நிகரான ஓடு ஒன்றைத் தனக்குத்தானே கட்டிக்கொள்ளும் பாசி அது. சிமிழும் அதன் மூடியும்போல, ஒன்றினுள் ஒன்று பொருந்தும் இரு பாதிகள் அந்த ஓட்டுக்கு உண்டு. உயிரணு இரண்டாகப் பிரியும்போது ஆளுக்கொரு பாதியாக எடுத்துக்கொண்டு, எடுத்ததை மூடியாக வைத்து, உள்ளே அடங்கும் புதுப் பாதியைச் செய்துகொள்கிறது ஒவ்வொரு சேயும். ஆகவே பெரிய பாதியைப் பெற்ற சேய் தாயின் அளவிலேயே இருக்க, சிறிய பாதியைப் பெற்றது ஒரு மயிரிழை குறைந்துபோகிறது. தலைமுறை தலைமுறையாக இப்படிப் பிரிந்துகொண்டே போனால் குலத்தின் சராசரி உருவமும் குறுகிக்கொண்டே வரும். இனிக் குறுக இடமில்லை என்னும் எல்லையை எட்டும்போது, அது ஓட்டை அறவே களைந்துவிட்டு ஆண் பெண் சேர்க்கையில் புகுந்து, ஊதிப் பெருத்த ஒரு கருவாகி, முன்னோரின் முழு அளவோடு மீண்டும் ஓடு கட்டத் தொடங்குகிறது. சிருஷ்டியில் இதைப் போன்ற விசித்திரக் கணக்கு வேறெங்கும் உண்டா என்று எனக்குத் தெரியாது. நம் கதைக்கு இதில் வேண்டிய அம்சம் ஒன்றுதான்: டயட்டம் பெருக வேண்டுமானால் சிலிகா வேண்டும், சிலிகாவோ மலைப்பாறையைக் கரைத்துக்கொண்டு ஆறு வந்தால்தான் வரும்.

மற்ற சத்துகளும் அவ்வாறே. வயலுக்கு உழவர் இடும் தழைச்சத்தும் மணிச்சத்தும்தான் மிதவைப் பாசிக்கும் ஆகாரம். ஆல்ஃப்ரெட் ரெட்ஃபீல்ட் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1930களில் கண்டு, பின்னர் செம்மைப்படுத்திய விகிதத்தின்படி, கடற்பாசிகளின் உடம்பில் மணிச்சத்தின் ஓர் அணுவுக்குத் தழைச்சத்து 16 அணுக்களும் கரி 106 அணுக்களும் சராசரியாகச் சேர்கின்றன; டயட்டம்களுக்கு இவற்றோடு தழைச்சத்துக்கு ஏறக்குறைய ஈடான சிலிகாவும் தேவைப்படுகிறது. இவற்றில் எது முதலில் தீர்ந்துபோகிறதோ, அதுவே பெருக்கத்துக்கு அணை. அணை ஏதும் இல்லாமற்போனால் என்னவாகும் என்பதை மனக்கணக்காகவே பார்க்கலாம்: நாளொன்றுக்கு ஒருமுறை இரட்டிக்கும் ஓர் உயிரணு பத்தாம் நாள் 1,024 ஆகும், இருபதாம் நாள் பத்து லட்சத்தைத் தாண்டிவிடும். நேற்றுவரை தெளிந்திருந்த நீர் ஒரு வாரத்தில் நிறம் மாறுவதில் மாயம் ஒன்றுமில்லை.

மேல்நாட்டு நூல்களைப் படித்துவிட்டு நம் ஏரியைப் பார்ப்பவர்களுக்கு இவ்விடத்தில் ஒரு மயக்கம் நேர்வதுண்டு. குளிர்நாட்டுக் கடல்களில் மாரி முழுவதும் சூரியன் தாழ்ந்து, புயல்கள் நீரை ஆழத்துக்குக் கலக்கி, பாசிகளை இருளுக்கு இழுத்துச் சென்றுவிடுகின்றன. வசந்தத்தில் மேல்நீர் சூடேறி நிலைத்து நிற்கும்போது வெளிச்சத்தில் தங்கும் வாய்ப்புக் கிடைக்க, பெருக்கம் உண்டாகிறது. நார்வே நாட்டு ஸ்வெர்ட்ரப் 1953இல் இதற்கோர் அழகிய சூத்திரமே வகுத்தார். பழவேற்காட்டில் இந்தச் சூத்திரம் செல்லாது. ஒரு மீட்டர் ஆழத்தில் பாசி எங்கே போய் இருளில் மறையும்? அங்கே ஆண்டு முழுவதும் வெயிலுக்குக் குறைவில்லை. அந்த வெயிலை மறைக்க வல்லது சேறு ஒன்றே. எனவே அங்கே பருவங்களை ஆள்வது சூரியனின் ஏற்ற இறக்கம் அன்று. ஆறும், சேறும், முகத்துவாரமும்தான்.

ஐப்பசி பிறந்து வாடைக்காற்றோடு வடகிழக்குப் பருவமழை இறங்கும்போது, ஆண்டில் பெரும்பகுதி மணலாகக் கிடந்த ஆரணியாறு செந்நிற வெள்ளமாக ஏரிக்குள் பாய்கிறது. தழைச்சத்தும் மணிச்சத்தும் சிலிகாவும் அதில் ஏராளமாகக் கரைந்து வருகின்றன. உண்டி இத்தனை வந்தும் உண்பவர் குறைந்துபோவதுதான் இப்பருவத்தின் வேடிக்கை. வெள்ளத்தின் வண்டல் வெளிச்சத்தைத் தடுக்கிறது. கடல்நீரில் வாழப் பழகிய இனங்கள், உப்பு திடீரென்று ஏறக்குறைய இல்லாமலே போய்விட்ட நீரில் வெடித்து மடிகின்றன. எஞ்சியவற்றையும், அவை இரட்டிக்கும் வேகத்தைவிட விரைவாக, பெருக்கெடுத்த நீர் முகத்துவாரத்தின் வழியே கடலுக்கு அடித்துச் சென்றுவிடுகிறது. ஆற்றோடு வந்த நன்னீர்ப் பச்சைப் பாசிகளும் நீலப்பச்சைப் பாசிகளும் சில வாரங்கள் தலைகாட்டுகின்றன. அந்த நாட்களில் ஏரி செம்மண் நிறமாக இருக்குமே தவிரப் பச்சையாக இராது. ஆனால் அதே வெள்ளம்தான் மண்மேட்டை அரித்து வாசலைத் திறந்துவைக்கிறது. திறந்த வாசலின் வழியே இறால் குஞ்சுகளும் மீன் குஞ்சுகளும் ஓதத்தோடு உள்ளே வருகின்றன.

மார்கழி கழிந்து தை பிறக்கும்போது நிலைமை தலைகீழாகிறது. ஆறு ஓய்கிறது, வண்டல் படிகிறது, வெளிச்சம் தரைவரை எட்டுகிறது, கடல்நீர் சிறுகச் சிறுக உள்ளே புகுந்து, உப்பு நடுத்தரமான அளவுக்கு உயர்கிறது, வெள்ளம் விட்டுச்சென்ற சத்துகளோ அப்படியே இருக்கின்றன. டயட்டம்களுக்கு இதைவிட உகந்த காலம் வேறில்லை. கீட்டோசெரஸ், ஸ்கெலட்டோனிமா, தலாசியோனிமா, நிட்ஸ்கியா என்று நாவில் நுழைய மறுக்கும் பெயர்களையுடைய இனங்கள் அலையலையாகப் பெருகும்போது நீரின் நிறம் பசும்பொன்னும் பழுப்பும் கலந்ததாக மாறுகிறது. அவற்றைத் தின்று கோப்பிபாடு என்னும் அணுவளவு ஓட்டுயிர்கள் பெருகுகின்றன. அவற்றைத் தின்று மீன்குஞ்சுகள் வளர்கின்றன. தரையிலே சிப்பியும் மட்டியும் நீரை வடிகட்டி உண்கின்றன. மடவை மீன் சேற்றின் மேல் படிந்த பாசியை நேராகவே மேய்கிறது. பழவேற்காட்டு மீனவர்கள் இன்னாருக்கு இன்ன நாளில் இன்ன இடம் என்று முறைவைத்து வலை போடும் பாடு என்னும் பழைய ஏற்பாடு, சுற்றிவளைத்துப் பார்த்தால், இந்தப் பாசி விளைச்சலைப் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடே ஆகும்.

பங்குனிக்குப் பிறகு வெயில் ஆட்சி. ஆழமற்ற நீர் ஆவியாகிக்கொண்டே போக, எஞ்சிய நீரில் உப்பு செறிகிறது. கடல்நீரில் ஆயிரம் பங்குக்கு 35 பங்கு உப்பு இருக்கும். கோடையின் உச்சத்தில் ஏரியின் சில பகுதிகளில் இந்த எண் 50ஐயும் தாண்டிவிடுவதுண்டு. வடபகுதியில் நீர் வற்றி, உப்புப் பூத்த தரை வெளிப்பட்டு, ஈரம் எஞ்சிய இடங்களில் நீலப்பச்சைப் பாசி தோல்போலப் படர்ந்து கிடக்கிறது. இத்தகைய உப்பைத் தாங்கும் இனங்கள் சிலவே ஆதலால் வகை சுருங்கிவிடுகிறது. ஆனால் தாங்கும் சில இனங்கள் போட்டியின்றிப் பெருகுவதால் எண்ணிக்கை சுருங்க வேண்டிய அவசியமில்லை. பிற்பகலில் எழும் கடற்காற்று ஆழமற்ற நீரைக் கலக்கி, தரையில் வாழும் டயட்டம்களையும் சேற்றில் புதைந்த மணிச்சத்தையும் மேலே கொண்டுவருகிறது. ஆறு வராத காலத்தில் சேறே ஆற்றின் வேலையைப் பார்க்கிறது. ஆடிக்கு மேல் கச்சான் காற்றும் அவ்வப்போது மாலைநேர மழையும் வந்து, அடுத்த ஐப்பசிவரை ஏரி ஒருவாறு காலந்தள்ளுகிறது.

ஆண்டுதோறும் இதே ஒழுங்கு பிசகாமல் நடக்கும் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. மழை பொய்த்த ஆண்டில் சிலிகா வராது. புயல் ஒன்று தையில் வந்து நின்றால் டயட்டம்களின் காலம் தள்ளிப்போகும். தெற்கே பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்துவாரத்தை ஆராய்ந்தவர்கள் பலர் கோடையிலேயே பெருக்கத்தின் உச்சத்தைக் கண்டிருக்கிறார்கள். ஒரே கடற்கரையில் இரண்டு நீர்நிலைகள் இரண்டு விதமாக நடந்துகொள்வது, வாசலின் அகலத்தையும் ஆற்றின் வலிமையையும் பொறுத்தது.

சரி, ஆபத்து எப்போது? பாசி பகலில் பிராணவாயுவை வெளியிடுகிறது என்பதைப் பள்ளிச் சிறுவனும் சொல்வான்; இரவில் அதுவும் மற்ற உயிர்களைப்போலவே பிராணவாயுவை உட்கொள்கிறது என்பதை மறந்துவிடுகிறோம். 30 பாகை வெப்பமுள்ள கடல்நீரின் ஒரு லிட்டரில் காற்றோடு சமநிலையில் கரைந்து நிற்கக்கூடிய பிராணவாயு சுமார் 6 மில்லிகிராம்தான். அளவுமீறிப் பெருகிய பாசி இரவெல்லாம் சுவாசித்து, கூடவே மடிந்து விழுந்தவற்றை அழுகச் செய்யும் பாக்டீரியாக்களும் பங்குபோட்டுக்கொண்டால், விடியற்காலையில் அது 2 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கிவிடும். மீன்கள் மேலே வந்து வாய் பிளந்து தவிப்பது அப்போதுதான். பகல் பத்து மணிக்கு வந்து நீரை அளக்கும் அதிகாரியின் கருவியில் எல்லாம் சரியாகவே தெரியும். அளக்க வேண்டிய நேரம் விடியற்காலை நான்கு மணி என்பது அவருடைய பணிநேரத்தில் அடங்குவதில்லை.

பெருகுகிற இனமும் முக்கியம். ஆறு கொண்டுவரும் சிலிகா தீர்ந்து, சாக்கடை கொண்டுவரும் தழைச்சத்தும் மணிச்சத்தும் மட்டும் தொடர்ந்து வருமானால், டயட்டம்கள் பின்வாங்கி, சிலிகா தேவைப்படாத பிற இனங்கள் அரியணை ஏறும். கசைபோன்ற இழைகளால் நீந்தக்கூடிய டைனோஃபிளாஜலேட்டுகள் அவற்றுள் முதன்மையானவை. கலங்கலும் சத்தும் உள்ள நீர் டயட்டம்களுக்கு, அமைதியும் வறுமையும் உள்ள நீர் இவற்றுக்கு என்று ஸ்பெயின் நாட்டு ராமோன் மார்கலேஃப் 1978இல் வகுத்த பாகுபாடு இன்றும் பயன்படுகிறது. இவற்றில் சில நஞ்சு சுரப்பவை. அந்நஞ்சு சிப்பியில் தேங்கி, சிப்பியைத் தின்றவரின் நரம்புகளைத் தாக்கும். சென்னை மாகாண மீன்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னல், மலையாளக் கரையில் மீன்கள் திரளாக மடிந்ததற்கு இத்தகைய நுண்ணுயிர்ப் பெருக்கமே காரணம் என்று 1917இலேயே எழுதிவைத்தார்.

நாக்டிலூகா என்பது இக்குடும்பத்தில் நம்மவர்க்கு மிகவும் அறிமுகமானது. 2019 ஆகஸ்ட் 18ஆம் தேதி இரவு சென்னைக் கடற்கரையில் அலைகள் நீலமாய் ஒளிர்ந்ததைப் பார்க்கக் கூட்டம் கூடியதே, அந்த ஒளி இதனுடையது என்றே ஆய்வாளர் பலர் கருதினர். அடுத்த மாதமே மன்னார் வளைகுடாவில் இதன் பச்சை வகை பெருகிக் கடலைப் பச்சைக் குழம்பாக்கியபோது, மண்டபம் பகுதியில் மீன்கள் செத்து ஒதுங்கின. அங்குள்ள மீனவர்கள் இதனைப் பூங்கோரை என்கிறார்கள். நாக்டிலூகா நஞ்சு சுரப்பதில்லை. தன்னுள் அமோனியாவைத் தேக்கிவைத்திருப்பதும், மடிந்து அழுகும்போது பிராணவாயுவை உறிஞ்சிவிடுவதுமே கேடு. சென்னையில் அதைக் கண்டு களித்தவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரே உயிர் ஓரிடத்தில் வேடிக்கையும் மற்றோரிடத்தில் வலைக்காரனின் நஷ்டமுமாக இருந்தது என்பதைச் செய்தித்தாள்கள் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

திறந்த கடலில் ஓட்டம் உண்டு, பெருக்கம் கலைந்துபோகும். உப்பேரியில் அந்தப் போக்கிடம் இல்லை. ஸ்பெயின் நாட்டின் தென்கிழக்கில் 135 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள மார் மேனோர் என்ற உப்பேரி, சுற்றுப்புறத்துப் பண்ணைகளிலிருந்து பல்லாண்டு வடிந்த உரநீரை ஏற்றுக்கொண்டு வெளிக்குத் தெளிவாகவே இருந்தது. 2016இல் அது திடீரென்று பச்சையாக மாறியது. வெளிச்சம் இழந்த தரைத் தாவரங்களில் நூற்றுக்கு 85 பங்கு மடிந்தது. 2019 அக்டோபரில் பிராணவாயு அற்றுப்போய் மீன்களும் நண்டுகளும் ஆயிரக்கணக்கில் கரையேறிச் செத்தன. 2022இல் அந்நாட்டுச் சட்டம் அந்த ஏரிக்கு ஒரு நபருக்குரிய உரிமைகளை வழங்கியது. ஏரி தெளிவாக இருந்த அந்தப் பல ஆண்டுகளிலேயே நோய் முற்றிக்கொண்டிருந்தது என்பது இதில் கவனிக்க வேண்டிய செய்தி. தரைத் தாவரமும் சிப்பியும் மேய்ச்சல் உயிர்களும் தாங்குமட்டும் தாங்கின. தாங்காத நாளில் எல்லாம் ஒரேயடியாகச் சரிந்தன.

பழவேற்காட்டின் காவலர்களும் அந்தச் சிப்பியும் மட்டியும் ஓதமும்தான். முகத்துவாரம் மணலடைத்துப்போன கோடைகளில் மீனவர்கள் தாங்களே கூடி மண்ணை வெட்டித் திறந்துவிடுவது அங்கே பல முறை நடந்த காரியம். ஒடிசாவின் சிலிகா ஏரியில் 2000ஆம் ஆண்டு செப்டம்பரில் புதிய வாசல் ஒன்று கடலுக்கு வெட்டப்பட்டதும், உப்பின் அளவு சீர்பட்டு, மீன்வளம் மீண்டு, ஆபத்திலுள்ள ஈரநிலங்களின் சர்வதேசப் பட்டியலிலிருந்து 2002இல் அந்த ஏரி நீக்கப்பட்டது. வாசல் திறந்தால் ஏரி பிழைக்கும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடலின் நிறத்தைக் கொண்டு அதிலுள்ள மிதவைப் பாசியின் பச்சையத்தை வானிலிருந்து அளக்கும் இந்தியச் செயற்கைக்கோள்கள் மூன்றும், 1999, 2009, 2022ஆம் ஆண்டுகளில், பழவேற்காட்டு ஏரியின் கரையாகிய ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்தே ஏவப்பட்டன. ஆனால் சேறு கலந்து, தரை தெரியும் ஆழத்தில் கிடக்கும் நீரில் அந்தக் கணக்கு எளிதில் பிழைபட்டுவிடும். தம் காலடி ஏரியைப் பார்ப்பதற்கு அக்கண்கள் அவ்வளவாகப் பயன்படுவதில்லை. அதற்குப் படகும், கூம்பு வலையும், விடியற்காலையில் எழும் சில மாணவர்களும், மாதந்தோறும் விடாமல் எழுதிவைக்கும் ஒரு பதிவேடும் போதும். ஏரியைப் பங்கிட்டுக்கொண்டிருக்கும் இரண்டு மாநில அரசுகளும் தத்தம் எல்லைக்குள் தனித்தனியே அளந்துகொண்டிராமல், ஆரணியாற்று வாயிலிருந்து வடகோடிவரை ஒரே முறையில், ஒரே நாட்களில், இரு கரைக் கல்லூரிகளையும் மீனவர் கிராமங்களையும் சேர்த்துக்கொண்டு இந்தப் பதிவைத் தொடங்க வேண்டும். அதுவும் வரும் ஐப்பசி வெள்ளத்துக்கு முன்னரே தொடங்க வேண்டும்.